0 = −7 என்று வந்தால் கணக்குத் தப்பா, கேள்வி தப்பா? (படிவம் 4, கூடுதல் கணிதம்)

ஜெலுத்தோங்_வாணி | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். மகள் படிவம் 4 படிக்கிறாள். கூடுதல் கணிதத்தில் மூன்றாவது பாடம், சமன்பாட்டுத் தொகுதி. டியூஷனில் கொடுத்த தாளில் வந்த கணக்கு இது. கைப்பேசியில் எழுத்தை மாற்றி மாற்றித் தட்ட முடியவில்லை, அதனால் எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் க, ச, த என்று போடுகிறேன்.

(1) க + 2ச − த = 4
(2) 2க + ச + த = 5
(3) 5க + 4ச + த = 7

அவள் போட்ட வழி:

(2) − 2×(1): −3ச + 3த = −3
(3) − 5×(1): −6ச + 6த = −13
கீழ் வரியிலிருந்து மேல் வரியின் இரண்டு மடங்கைக் கழித்தால்: 0 = −7

திரும்பத் திரும்பப் போட்டாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. கால்குலேட்டரில் போட்டால் 'மேத் எரர்' என்கிறது. நான் கணக்கியல் படித்தவள், இதெல்லாம் எனக்கு எட்டாது. எங்கே சறுக்குகிறாள் என்று யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்.

கடைசி_பெஞ்சு | இரவு 9:20

அச்சுப்பிழை அக்கா. டியூஷன் தாள் என்றாலே அப்படித்தான். 7 இருக்கிற இடத்தில் 14 போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

ஜெலுத்தோங்_வாணி | இரவு 9:31

14 போட்டாள். இப்போது 0 = 0 வருகிறது. அவளுக்கு அழுகை, எனக்குச் சிரிப்பு. இதுவும் தப்பா?

பட்டர்வொர்த்_வாத்தியார் | இரவு 10:05

வாணி, மகளிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள். வரிக்கு வரி பார்த்துவிட்டேன், ஓர் இடத்திலும் அவள் சறுக்கவில்லை. 0 = −7 தான் விடை. அதற்குக் கீழே "ஆகவே இத்தொகுதிக்குத் தீர்வு இல்லை" என்று ஒரு வரி எழுதி முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் பள்ளியில் இருந்த காலம் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன். இந்த வரி வந்தவுடன் பிள்ளைகளின் கை அழிப்பானைத் தேடும். நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் முதலில் அழிக்கும். எண் வந்தால்தான் விடை என்று நாமே பழக்கி வைத்திருக்கிறோம், பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை.

சமன்பாடுகளைக் கூட்டுகிறோம், கழிக்கிறோம். எதை நம்பி? மூன்று வரிகளுக்கும் ஒத்துப்போகிற க, ச, த எங்கேயோ இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான். அப்படி வைத்துக்கொண்டு ஒழுங்காக நடந்தால் 0 = −7 என்ற இடத்துக்கு வந்து சேர்கிறோம். நடந்த வழியில் தப்பில்லை. அப்படியானால் முதலில் வைத்துக்கொண்டதுதான் பொய். அந்த மூன்று எண்கள் இல்லவே இல்லை.

"வழியில் தப்பில்லை என்று எப்படித் தெரியும்?" என்று மகள் கேட்டால், அதற்கும் ஒரு சோதனை உண்டு. (1) உடன் (2) இன் இரண்டு மடங்கைக் கூட்டச் சொல்லுங்கள். இடது பக்கம் 5க + 4ச + த. வலது பக்கம் 4 + 10, அதாவது 14. இப்போது (3) ஐப் பாருங்கள். இடது பக்கம் அச்சு அசலாக அதேதான், வலது பக்கம் மட்டும் 7. ஒரே தொகையை முதல் இரண்டு வரிகள் 14 என்கின்றன, மூன்றாவது வரி 7 என்கிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இந்த 'ஒரு மடங்கு, இரண்டு மடங்கு' எங்கிருந்து வந்தது என்றால், அவள் போட்ட வழியிலேயே இருக்கிறது. (3) இலிருந்து 5×(1) ஐக் கழித்தாள். பிறகு (2) − 2×(1) என்பதன் இரண்டு மடங்கைக் கழித்தாள். எல்லாவற்றையும் சேர்த்தால் (3) − (1) − 2×(2). இந்த மூன்று எண்களை ஓரத்தில் குறித்து வைத்தால், 0 = −7 சரிதானா என்று ஒரே வரியில் பார்த்துவிடலாம். முழுக்கணக்கையும் மறுபடி போட வேண்டாம்.

14 போட்ட கணக்குக்கு இன்னும் எளிதான பதில். அங்கே மூன்றாவது வரி புதிதாக எதுவுமே சொல்லவில்லை. (1) ஐயும் (2) ஐயும் கலந்து எழுதியதுதான் அது. பார்வைக்கு மூன்று சமன்பாடு, உள்ளே இருப்பது இரண்டு. தெரியாதவை மூன்று. ஒன்று கைக்கு அடங்காமல் மிஞ்சும், அதனால் தீர்வுகள் எண்ணற்றவை.

மாமாக்_மேசை | இரவு 10:22

சார் சொன்னதைக் கடைப் பில்லில் போட்டுப் பார்த்தேன், எனக்கு இப்படித்தான் புரிகிறது.

விலைப்பட்டியல் ஒட்டாத கடை. முதல் மேசையில் 2 ரொட்டி சானாய், 3 தே தாரிக்: 9 வெள்ளி 90 காசு. இரண்டாவது மேசையில் 4 ரொட்டி, 6 தே: 19 வெள்ளி 80 காசு. ரொட்டி என்ன விலை, தே என்ன விலை?

சொல்ல முடியாது. இரண்டாவது பில் முதல் பில்லின் இரட்டிப்பு. அதைப் பார்த்தாலும் ஒன்றுதான், பார்க்காவிட்டாலும் ஒன்றுதான். இதுதான் 0 = 0.

அதே இரண்டாவது மேசைக்கு 20 வெள்ளி 50 காசு போட்டிருந்தால்? கல்லாவில் இருந்தவர் தப்பாகத் தட்டியிருக்கிறார், அல்லது ஒரு மேசைக்கு வேறு விலை போட்டிருக்கிறார். ஒரே விலை என்று வைத்தால் கணக்கு நிற்காது. 0 = 70 காசு.

மூன்றாவது மேசைக்காரர் 3 ரொட்டியும் 2 தேயும் சாப்பிட்டு 9 வெள்ளி 60 காசு கொடுத்தால் விஷயம் முடிந்தது. ரொட்டி 1.80, தே 2.10. அவர் வேறு விகிதத்தில் சாப்பிட்டதால்தான் நமக்கு விலை தெரிகிறது.

ஜெலுத்தோங்_வாணி | இரவு 10:40

பில் கணக்கு எனக்கே புரிந்துவிட்டது, நன்றி. மகள் ஒன்று கேட்கிறாள்: "எண்ணற்ற தீர்வு என்றால் க, ச, த மூன்றுக்கும் எந்த எண்ணைப் போட்டாலும் சரிதானே?" வகுப்பில் ஒரு பையன் அப்படித்தான் எழுதினானாம்.

நிபோங்_திபால்_இரண்டாமாண்டு | இரவு 10:58

இல்லை அக்கா, அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும். 14 போட்ட கணக்கில் 0 = 0 க்கு மேலே உள்ள வரியைப் பாருங்கள். −3ச + 3த = −3. அதாவது ச = 1 + த. அதை (1) இல் போட்டால் க = 2 − த. ஆக, த மட்டும்தான் நம் விருப்பம். அதைத் தேர்ந்தெடுத்த பிறகு மற்ற இரண்டும் தாமாக முடிவாகிவிடும்.

த = 0 என்றால் (2, 1, 0). த = 1 என்றால் (1, 2, 1). இரண்டையும் மூன்று வரிகளிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பொருந்தும். (0, 0, 0) போட்டால் முதல் வரியே பொருந்தாது. எண்ணற்ற தீர்வு உண்டு, ஆனால் எல்லா எண்ணும் தீர்வு இல்லை.

பல்கலைக்கழகத்தில் இதை அணியின் தரம் என்று சொல்லித் தருகிறார்கள் (சமன்பாடுகளில் உள்ள எண்களை மட்டும் வரி வரியாக எழுதிய கட்டம்தான் அணி). வரிகளை நீக்கி நீக்கிப் படிக்கட்டு மாதிரி கொண்டு வந்த பிறகு, எத்தனை வரி சுழியாகாமல் நிற்கிறதோ அதுதான் தரம். இடது பக்கத்தின் தரமும், வலது பக்கத்தையும் சேர்த்துக்கொண்ட அணியின் தரமும் சமமாக இருந்தால் தீர்வு உண்டு, சமமில்லை என்றால் கிடையாது. தீர்வு உண்டு என்றானபின், தெரியாதவற்றின் எண்ணிக்கையில் தரத்தைக் கழித்தால் எத்தனை விருப்ப எண்கள் என்று வந்துவிடும். இங்கே 3 − 2 = 1. இதற்கு ரூஷே-கபெல்லி தேற்றம் என்று பெயர். வாத்தியார் சார் மேலே சொன்னதுதான், கொஞ்சம் உடுப்பு மாட்டி வந்திருக்கிறது.

தாமான்_டியூஷன் | இரவு 11:14

இவ்வளவு சுற்ற வேண்டாம். பரீட்சையில் நேரம் இருக்காது. என் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது இதுதான்.

இரண்டு தெரியாதவை என்றால் கெழுக்களின் (க, ச முன்னால் நிற்கும் எண்களின்) விகிதத்தைப் பாருங்கள். க இன் விகிதமும் ச இன் விகிதமும் வேறு என்றால் ஒரே தீர்வு. இரண்டும் சமம், வலது பக்க விகிதம் மட்டும் வேறு என்றால் தீர்வு இல்லை. மூன்றும் சமம் என்றால் எண்ணற்ற தீர்வு.

மூன்று தெரியாதவை என்றால் அணிக்கோவை, அதாவது கெழுக்களின் அணியிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண் (டிட்டர்மினன்ட்). அது சுழி இல்லை என்றால் ஒரே தீர்வு. அது சுழியாக இருந்து, கிராமர் விதியில் வரும் மற்ற மூன்று அணிக்கோவைகளில் (ஒரு நிரலை எடுத்துவிட்டு அங்கே வலது பக்க எண்களைப் போட்டவை) ஒன்றாவது சுழி இல்லை என்றால் தீர்வு இல்லை. நான்கும் சுழி என்றால் எண்ணற்ற தீர்வு. மனப்பாடம் செய்தால் ஒரு நிமிட வேலை.

பட்டர்வொர்த்_வாத்தியார் | இரவு 11:37

தாமான் டியூஷன், முதல் பாதி பெரும்பாலும் சரி. கடைசி வரி ஆபத்தானது. இதைப் போட்டுப் பாருங்கள்:

க + ச + த = 1
க + ச + த = 2
க + ச + த = 3

நான்கு அணிக்கோவையும் சுழிதான். ஒவ்வொன்றிலும் இரண்டு நிரல்களாவது ஒரே மாதிரி இருக்கும், சுழியாகாமல் எங்கே போகும்? உங்கள் விதிப்படி எண்ணற்ற தீர்வு. ஆனால் ஒரே தொகை 1, 2, 3 என மூன்றாக இருக்க முடியாது என்று ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மூன்று தெரியாதவைக்கு 'நான்கும் சுழி' என்பது எதையும் முடிவு செய்யாது. நீக்கிப் பார்த்தே தீர வேண்டும்.

விகித முறையிலும் ஒரு பள்ளம் உண்டு. 3க = 6, 5க = 10 என்று கொடுத்தால் ச இன் விகிதம் 0/0. எழுதவே முடியாது. விகிதத்தை விட்டுவிட்டுக் குறுக்காகப் பெருக்கிக் கழித்தால் இந்தத் தொல்லை இல்லை. படிவம் 5 கணிதத்தில் நேர்மாறு அணி இருக்கிறதா என்று பார்க்க அதைத்தானே செய்கிறார்கள்.

இன்னொன்று. அணிக்கோவை சுழி என்றவுடன் "தீர்வு இல்லை" என்று எழுதிவிட்டு எழுந்து போகிற கூட்டம் பெரிது. சுழி என்றால் ஒரே தீர்வு இல்லை என்று மட்டுமே பொருள். ஒன்றுமே இல்லையா, ஏராளமா என்பது வலது பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். மேலே மாமாக் மேசை எழுதிய பில்லில் 19.80 ஆ 20.50 ஆ என்பதுதான் வித்தியாசம். ரொட்டியின் எண்ணிக்கையும் தேயின் எண்ணிக்கையும் இரண்டிலும் ஒன்றுதான்.

தாமான்_டியூஷன் | இரவு 11:52

மூன்று இணைதளங்களைப் பரீட்சையில் யார் கேட்கப்போகிறார்கள் சார்? இருந்தாலும் அந்த உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன், வகுப்பில் போட்டுக்காட்ட நன்றாக இருக்கும்.

நிபோங்_திபால்_இரண்டாமாண்டு | திங்கள், காலை 7:48

'இணைதளம்' என்று அண்ணா சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் வாணி அக்காவின் கணக்கில் எந்த இரண்டு தளமும் இணை இல்லை.

இரண்டு தெரியாதவை வந்தால் ஒவ்வொரு சமன்பாடும் ஒரு கோடு. தீர்வு இல்லை என்றால் இரண்டு கோடும் இணை, வெட்டாது. படம் சுலபம். மூன்று தெரியாதவை வந்தால் ஒவ்வொரு சமன்பாடும் முப்பரிமாண வெளியில் ஒரு தளம். தீர்வு இல்லை என்றவுடன் பிள்ளைகள் "அப்போ தளங்கள் இணை" என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கின் கெழுக்களைப் பாருங்கள்: (1, 2, −1), (2, 1, 1), (5, 4, 1). எதுவும் எதன் மடங்கும் இல்லை. எந்த இரண்டு தளத்தை எடுத்தாலும் ஒரு கோட்டில் வெட்டிக்கொள்ளும். ஆனால் இப்படிக் கிடைக்கும் மூன்று வெட்டுக்கோடுகளும் ஒன்றுக்கொன்று இணை. முக்கோண வடிவ டோப்ளரோன் சாக்லேட் பெட்டியின் மூன்று நீளப் பக்கங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு விளிம்பில் தொடுகிறது, மூன்றும் சந்திக்கிற புள்ளி கிடையாது.

வலது பக்கம் 7 இலிருந்து 14 க்கு நகர நகர மூன்றாவது தளம் தனக்கு இணையாகவே நகர்ந்து போகும். 14 இல் போய், மற்ற இரண்டும் வெட்டுகிற அந்தக் கோட்டின் மேலேயே உட்காரும். அந்தக் கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தீர்வு. 14 ஐத் தாண்டி 15 என்றால் மறுபடி தீர்வு போய்விடும். எண்ணற்ற தீர்வு கிடைப்பது அந்த ஓர் எண்ணில் மட்டும்தான்.

கோடுகளிலும் இதே கதை உண்டு. க + ச = 4, க − ச = 2, க + 2ச = 8 என்று மூன்று கோடு. இரண்டிரண்டாக எடுத்தால் எல்லாம் வெட்டும். முதல் இரண்டும் (3, 1) இல் வெட்டும், ஆனால் மூன்றாவதில் (3, 1) போட்டால் 5 தான் வரும், 8 வராது. ஜோடி ஜோடியாகச் சரி பார்த்துவிட்டு முழுத்தொகுதியும் சரி என்று சொல்லிவிட முடியாது.

பாயான்_லெப்பாஸ்_ஷிஃப்ட் | திங்கள், மாலை 6:30

வேலை முடிந்து பாலத்து நெரிசலில் இருந்தபடி படித்தேன் (ஓட்டுவது நண்பர்). இது பரீட்சைச் சமாச்சாரம் மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

மின்சுற்றில் கிர்க்காஃப் விதி எல்லோரும் படித்திருப்பீர்கள். ஒரு முனைக்குள் வருகிற மின்னோட்டமும் வெளியே போகிற மின்னோட்டமும் சமம். சுற்றில் நான்கு முனை இருந்தால் நான்கு சமன்பாடு எழுதலாம். புதிதாகச் சேரும் பையன்கள் நான்கையும் எழுதிவிட்டு, கடைசியில் 0 = 0 வந்து விழிப்பார்கள். ஒரு முனையை விட்டுப் போகிற மின்னோட்டம் இன்னொரு முனைக்குள் வந்தாக வேண்டும், அதனால் நான்கையும் கூட்டினால் எல்லாம் அடிபட்டுப்போகும். உண்மையில் புதியவை மூன்றுதான். எத்தனை முனை என்றாலும் அதில் ஒன்று குறைவுதான் கணக்கில் சேரும் (சுற்று துண்டு துண்டாக இல்லாமல் ஒரே சுற்றாக இருந்தால்). ஒன்றைத் தரை முனை என்று ஒதுக்கிவிட்டு எழுதுவது அதனால்தான்.

அடுத்தது, கணினியில் இந்த 0 = 0 அவ்வளவு சுத்தமாக வராது. இதைப் பாருங்கள்:

க + ச = 2
க + 1.0001ச = 2.0001

தீர்வு (1, 1). இப்போது 2.0001 ஐ 2.0002 ஆக்குங்கள். தீர்வு (0, 2). பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறினதற்கு விடை எங்கேயோ போய்விட்டது. அணிக்கோவை சுழி இல்லை, 0.0001. பள்ளிக் கணக்குப்படி 'ஒரே தீர்வு'. ஆனால் அந்த 2.0001 அளவுகோலில் படித்த எண்ணாக இருந்தால், அந்த விடையை நம்பி நான் ஒரு திருகாணியைக்கூடத் திருப்ப மாட்டேன். கோடுகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. கணினி தசமத்தை இரண்டடிமானத்தில் வைத்திருப்பதால் 0.1 + 0.2 கூடச் சரியாக 0.3 ஆக இருக்காது. அதனால் நிரல் எழுதும்போது 'சுழியா' என்று கேட்கக் கூடாது, 'சுழிக்கு எவ்வளவு பக்கம்' என்றுதான் கேட்க வேண்டும்.

கடைசி_பெஞ்சு | மாலை 6:44

அப்போ அளந்து எடுத்த எண்களை வைத்துச் சமன்பாடு போட்டால் எப்போதுமே 'தீர்வு இல்லை' தானே வரும்? அளவில் எப்படியும் கொஞ்சம் பிசகும்.

பாயான்_லெப்பாஸ்_ஷிஃப்ட் | மாலை 7:15

சரியான கேள்வி, கடைசி பெஞ்சிலிருந்து வந்தாலும். தெரியாதவை இரண்டு, அளவீடு இருபது என்றால், இருபது வரியும் ஒரே புள்ளியில் சந்திக்கவே சந்திக்காது. தீர்வு இல்லை என்று கையை விரித்தால் வேலை நடக்குமா? எல்லா வரிக்கும் முடிந்தவரை பக்கத்தில் நிற்கிற புள்ளியைத் தேடுவோம். ஒவ்வொரு வரியிலும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் புள்ளியை எடுப்பது. மீச்சிறு வர்க்க முறை. பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805 இல் அச்சில் கொண்டு வந்தார். ஜெர்மன் கணித அறிஞர் காஸ் 1809 இல் எழுதும்போது, நான் இதை முன்பே பயன்படுத்தி வருகிறேன் என்றார். இருவருக்கும் அதில் மனக்கசப்பு. 1801 இல் சீரிஸ் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்து, கொஞ்ச நாள் பார்த்த பிறகு அது சூரியன் பக்கம் போய் மறைந்துவிட்டது. மறுபடி எங்கே தென்படும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் அதே காஸ்தான். வாணியின் மகள் போட்ட நீக்கல் முறைக்கு நாம் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

மாமாக்_மேசை | மாலை 7:40

நீக்கல் முறை காஸுக்கு ரொம்ப முன்னாலேயே சீனர்களிடம் இருந்தது. 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழைய கணித நூலில் எட்டாவது அத்தியாயமே அதுதான், லியூ ஹுய் அதற்கு 263 இல் உரை எழுதினார். குச்சிகளை நிரல் நிரலாக அடுக்கி நீக்குவார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது நூறு கோழிக் கணக்கு, 5ஆம் நூற்றாண்டில் ஜாங் சியூஜியான் எழுதியது. சேவல் 5 காசு, பெட்டை 3 காசு, குஞ்சு மூன்று 1 காசு. 100 காசுக்கு 100 கோழி வாங்க வேண்டும். சமன்பாடு இரண்டு, தெரியாதவை மூன்று. குஞ்சை நீக்கினால் 7 × சேவல் + 4 × பெட்டை = 100.

மேலே சொன்னபடி பார்த்தால் எண்ணற்ற தீர்வு. ஆனால் அரைச் சேவல் வாங்க முடியாது. முழு எண் மட்டும் என்றால் சேவல் 4, பெட்டை 18, குஞ்சு 78. அல்லது 8, 11, 81. அல்லது 12, 4, 84. மூன்றையும் அவர் கொடுத்திருக்கிறார். சேவலே வேண்டாம் என்றால் 0, 25, 75 உம் வரும்.

அதனால் என் பில் கணக்கையும் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். 2 ரொட்டி, 3 தே, 9.90 என்ற ஒரு பில் மட்டும் இருந்தாலும், விலை பத்துக் காசின் மடங்காகத்தான் இருக்கும், தே ஒன்றரை வெள்ளி முதல் இரண்டரை வெள்ளி வரைதான் இருக்கும் என்று தெரிந்தால், மிஞ்சுவது ஆறு சாத்தியம்தான். தே 1.90 என்றால் ரொட்டி 2.10. தே 2.10 என்றால் ரொட்டி 1.80. தே 2.30 என்றால் ரொட்டி 1.50. இப்படி. கடைக்காரரைத் தெரிந்தவருக்கு அதற்கு மேல் கணக்கு வேண்டாம்.

ஜெலுத்தோங்_வாணி | இரவு 8:50

கோழிக் கணக்கை மகள் தோழிகளுக்கு அனுப்பிவிட்டாள். ஒரு சந்தேகம்: வேதியியலில் சமன்பாட்டைச் சமப்படுத்தும்போதும் இப்படி 'தீர்வு இல்லை' என்று வருமா? இந்த வாரம் அதுவும் ஓடுகிறது.

நிபோங்_திபால்_இரண்டாமாண்டு | இரவு 9:05

0 = −7 மாதிரி ஒருபோதும் வராது அக்கா. அங்கே எல்லாச் சமன்பாட்டுக்கும் வலது பக்கம் சுழி: இந்தப் பக்கக் கார்பன் கழித்தல் அந்தப் பக்கக் கார்பன் சமம் 0, இப்படித்தான் ஒவ்வொரு தனிமத்துக்கும். வலது பக்கம் எல்லாம் சுழியாக இருந்தால் எல்லாவற்றுக்கும் 0 போட்டாலே பொருந்தும், அதனால் தீர்வு இல்லாமல் போகாது. ஆனால் 'எதுவும் எரியவில்லை' என்ற தீர்வு யாருக்கு வேண்டும்? நமக்கு வேண்டியது எண்ணற்ற தீர்வுகள் இருக்கிற நிலைதான். புரோப்பேன் எரிகிறது: புரோப்பேன் 1, ஆக்சிஜன் 5, கார்பன் டையாக்சைடு 3, நீர் 4. இதை இரட்டித்து 2, 10, 6, 8 என்றாலும் சரி. அவற்றில் மிகச்சிறிய முழு எண்களை எடுத்து எழுதுகிறோம். சுழியைத் தவிர வேறு தீர்வே வரவில்லை என்றால், அந்த வினையை எழுதியதிலேயே ஏதோ ஒரு பொருள் விட்டுப்போயிருக்கிறது.

பட்டர்வொர்த்_வாத்தியார் | இரவு 9:30

நன்றாகச் சொன்னாய் தம்பி. வாணியின் மகளுக்கு ஒரு கணக்கு, மற்றவர்களும் போடலாம். ம என்பது ஏதோ ஓர் எண்.

க + மச = 2
மக + 4ச = 4

ம இன் எந்த மதிப்புக்குத் தீர்வு இல்லை, எதற்கு எண்ணற்ற தீர்வு, எதற்கு ஒரே தீர்வு? கால்குலேட்டரைத் தள்ளி வையுங்கள், அது இங்கே உதவாது.

கடைசி_பெஞ்சு | இரவு 9:41

முதல் வரியை ம ஆல் பெருக்கிக் கழித்தால் (4 − ம²)ச = 4 − 2ம. இரண்டு பக்கமும் (2 − ம) ஆல் வகுத்தால் (2 + ம)ச = 2. ஆக ச = 2/(2 + ம), க = 4/(2 + ம). ம = −2 என்றால் தீர்வு இல்லை, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு. எண்ணற்ற தீர்வு என்பதே கிடையாது, அது எங்களை ஏமாற்றப் போட்டது. சரிதானே சார்?

ஜெலுத்தோங்_வாணி | இரவு 10:10

மகள் எழுதுகிறேன். (2 − ம) ஆல் வகுத்தது கூடாது அண்ணா, ம = 2 என்றால் அது சுழி. வகுக்காமல் அப்படியே வைத்து (4 − ம²)ச = 4 − 2ம என்பதில் போட்டுப் பார்த்தேன்.

ம = 2 என்றால் 0 = 0. இரண்டாவது வரி 2க + 4ச = 4, அது முதல் வரியின் இரண்டு மடங்கு. எண்ணற்ற தீர்வு, க = 2 − 2ச.
ம = −2 என்றால் 0 = 8. தீர்வு இல்லை.
மற்ற எல்லா ம க்கும் ஒரே தீர்வு, அண்ணா போட்ட அதே விடை.

அண்ணாவின் வாய்பாட்டில் ம = 2 போட்டால் க = 1, ச = 1/2 என்று வருகிறது. அதுவும் பொருந்துகிறது, ஆனால் எண்ணற்ற தீர்வுகளில் அது ஒன்றுதான்.

பட்டர்வொர்த்_வாத்தியார் | இரவு 10:18

முழுச்சரி. க = 2 − 2ச என்பதற்குப் பக்கத்தில் 'ச எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம்' என்று மட்டும் சேர்த்து எழுதம்மா, திருத்துகிறவர்கள் அதைத் தேடுவார்கள்.

கடைசி_பெஞ்சு | இரவு 10:20

தங்கச்சி, நீ டியூஷன் எடுப்பாயா?